ஜெர்மனியில் ஒரு தாய்மாமன்

தம்பி பெண்டாட்டி முதன்முதலாக என் இ-சேவை மையத்துக்குள் நுழைந்த காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. இடுப்பில் கைக்குழந்தை, காலில் என்னுடைய பழைய செருப்பு, நெற்றியில் அம்மா அப்பிவிட்ட குங்குமம். சாதிச் சான்றிதழுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் காத்திருந்தவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு அவளுக்கு நாற்காலி கொடுத்தார்கள். அவள் உட்காரவில்லை. தம்பியிடம் கற்றுக்கொண்ட தமிழில் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, "அண்ணி, பாப்பாவுக்கு ஒரு மாமா தேடணும்" என்றாள். கடையே கொல்லென்று சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

தம்பி ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறான். அங்கேயே அவளைக் கல்யாணம் செய்துகொண்டு, குழந்தை பிறந்த பிறகு முதல் தடவையாக உத்திரமேரூருக்கு அழைத்து வந்திருந்தான். அவள் கடைக்கு வந்ததற்கு முந்தைய நாள் மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே அம்மா ஆரம்பித்தாள். "அடுத்த வருசம் வர்றப்போ கொயந்திக்குக் காது குத்திடணும். தாய்மாமன் யாரு கீறாங்க?" தம்பி பெண்டாட்டிக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அப்பா அவள் தவழும் வயதிலேயே பிரிந்துபோய், எங்கோ இறந்தும் போனார். தனியாக வளர்த்த அம்மாவும் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டாள். "யாரும் இல்லை" என்று சிரித்தபடிதான் சொன்னாள். "அதுக்கு இன்னா, ஊர்ல எத்தினி பசங்க கீறானுங்க, ஒருத்தன ஒக்கார வெச்சாப் போவுது" என்று அம்மா சமாதானம் சொன்னாள். இங்கே அதெல்லாம் சகஜம்தான். ஆனால் அவள் தட்டில் சோறு அப்படியே இருந்தது. தன் பெண்ணுக்கு என்று ஓர் ஆள் வந்து நிற்கவேண்டிய இடத்தில் இரவல் ஆளை நிறுத்துவது அவளுக்கு ஒப்பவில்லை.

மறுநாள் என் கடையில் ஜெர்மன் வம்சாவளி ஆராய்ச்சி தொடங்கியது. வாரிசுச் சான்றிதழ் எழுதி எழுதிப் பழுத்தவள் நான். எனக்குத் தெரிந்த முறை ஒன்றுதான்: தன்னிலிருந்து தொடங்கு, ஒவ்வொரு படியாக மேலே ஏறு, உயிரோடு இருக்கிறவர்களை முதலில் கேள். அவளோ, தாத்தா போர்க்காலத்தில் கிழக்கே ஏதோ ஊரிலிருந்து ஓடிவந்தவர், அந்த ஊர் இப்போது வேறு நாட்டில் இருக்கிறது என்று எங்கேயோ போனாள். "தாத்தா அங்கேயே இருக்கட்டும், முதலில் உன் பிறப்புச் சான்றிதழை எடு" என்றேன். எங்கள் விண்ணப்பத்தில் முதல் கட்டம் தகப்பன் பெயர். கை பழகிப்போய் நானும் அப்பா வழியிலேயே ஏறினேன். அப்பா பிறந்த ஊரின் பெயரில் அந்த நாட்டில் மூன்று ஊர்கள் இருந்தன. அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பென்ஷனுக்கு வந்திருந்த பெரியவர், "இதுக்குப் போயி பேஜார் ஆவறியே. நம்ப பக்கம் எத்தினி புதூர் கீது! மூணு ஊருக்கும் எய்திப் போடும்மா" என்றார். அப்படியே மூன்று ஊர் பதிவு அலுவலகத்துக்கும் மெயில் அனுப்பினோம். தேவாலயங்களுக்கும் அனுப்பினோம். ஞானஸ்நானப் பதிவுகள் அங்கேதான் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

விடுமுறை முடிந்து போய்விட்டார்கள். மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. பிறகு ஒருநாள் கடையில் கூட்டம் நெரியும் நேரத்தில் வீடியோ கால். "கெடச்சிட்டான் அண்ணி!" என்று கத்துகிறாள். ஒரு தேவாலயத்தில் அவள் அப்பாவின் பெயர் இருந்தது. அந்த ஊரிலேயே சொந்தக்காரர் ஒருவர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் காட்டிய போட்டோவில் அவள் அப்பா, இவளுடைய அதே மூக்கோடு நிற்கிறாராம். காது குத்துக்குக் கட்டாயம் வருகிறேன் என்றாராம். நான் கடையிலேயே அழுதுவிட்டேன். அம்மா தெரு முழுக்கக் கேசரி கொடுத்தாள். அந்தக் குஷியில் அவர் எந்த வழியில் சொந்தம் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

சொன்னபடி மறுவருடம் வந்தார். பந்தல் காலை விட உயரம். கூடவே அவர் மனைவியும், இந்தியாவைப் பார்க்கும் ஆசையில் ஒட்டிக்கொண்ட மனைவியின் தம்பியும். சீர்த் தட்டுகளில் ஆப்பிளும் சாக்லேட்டும் கையால் பின்னிய குட்டிச் சட்டையும் இருந்தன. காது குத்துக்கு முந்தின நாள் காலை, எல்லோருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்த அம்மா தம்பியிடம் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"இவரு அவளுக்கு எந்த வயில சொந்தம்?"

"அவங்க அப்பாவோட தங்கச்சி பையன்மா."

அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "அடப்பாவி, அத்த மவன்டா அவுரு! கட்டிக்கிற முறை! அவுரு மடில வெச்சா காது குத்துவாங்க?"

பந்தலே அதிர்ந்தது. "மாப்ள, உசாரா இரு. முறைக்காரன் பிளேன் ஏறி வந்துட்டான்" என்று பக்கத்து வீட்டுக்காரர் தம்பியின் முதுகில் தட்டினார். விஷயத்தை ஜெர்மனில் சொன்னதும் பஸ் ஓட்டுநருக்கு முகம் சிவந்தது. அவர் மனைவிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். நானும் சிரித்தபடி திரும்பிப் பார்த்தால், தம்பி பெண்டாட்டி குழந்தையை இறுக்கிக்கொண்டு தூண் ஓரமாக நிற்கிறாள். "இவரும் இல்லன்னா வேற யாரு அண்ணி?" என்றாள். தகப்பன் பெயர்க் கட்டத்தை முதலில் நிரப்பியது நான்தானே!

அம்மா விரலை மடக்கி மடக்கி எதையோ யோசித்தாள். பிறகு பஸ் ஓட்டுநரின் மனைவியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து மருமகளின் பக்கத்தில் நிறுத்தினாள். "உன் அத்த மவனக் கட்டிக்கினு வந்தவ உனக்கு அக்கா மொற. சரியா? அக்காவோட தம்பி உனக்கு இன்னா மொற?"

அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். பந்தல் மூலையில் அந்தத் தம்பிக்காரர், முப்பதை எட்டாத தச்சர், உலகமே தெரியாமல் மூன்றாவது போண்டாவைப் பிட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு போண்டாவை மெதுவாகத் தட்டில் திருப்பி வைத்தார்.

மறுநாள் குலதெய்வக் கோயிலில் வேட்டிக்கு மேல் பெல்ட்டு போட்டுக்கொண்டு மணையில் உட்கார்ந்தது அவர்தான். ஒரு சொட்டு ரத்த சம்பந்தம் கிடையாது. ஆனால் முறையில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. பத்தர் ஊசியை எடுத்ததும் குழந்தை வீறிட்டது. அதற்குள் தாய்மாமன் கண்ணிலும் தண்ணீர். குழந்தை இரண்டு நிமிடத்தில் அடங்கிவிட்டது, அவரைத் தேற்றத்தான் ஆள் தேவைப்பட்டது.

பந்தியில் தம்பி பெண்டாட்டி பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தாள். புள்ளலூரிலிருந்து தாமதமாக வந்த எங்கள் சித்தப்பா இலையில் உட்கார்ந்தபடி, "யாருப்பா இது, வெள்ளக்காரரு ஒருத்தரு வேட்டி கட்டிக்கினு?" என்று கேட்டார். விளக்கம் சொல்லத் தம்பி வாயைத் திறந்தான். நீளமான விளக்கம் அது. அவள் முந்திக்கொண்டாள்.

"எந் தம்பி, மாமா. எங்க அம்மா வூட்டு ஆளு."