ஹெல்மெட்டுக்குள் காற்று

எங்கள் குடும்பத்தின் முக்கியமான முடிவுகள் எல்லாமே மோட்டார் சைக்கிளில் எடுக்கப்பட்டவை. மாடம்பாக்கத்தில் எங்களுடையது சின்ன வீடு. கூடத்தில் அப்பாவும் அவருடைய டிவியும், சமையலறையில் அம்மா, உள்ளறையில் புத்தகமும் போனுமாக மகள். கணவனும் மனைவியும் தனியாக நாலு வார்த்தை பேச இடம் ஏது? காலையில் பல்லாவரத்தில் என் மனைவி வேலை பார்க்கும் பள்ளியில் அவளை இறக்கிவிட்டு நான் கிண்டிக்குப் போவேன். ராஜகீழ்ப்பாக்கம் தாண்டியதும் அவள் ஆரம்பிப்பாள். மகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது, அப்பாவின் கண் ஆபரேஷனை எப்போது வைத்துக்கொள்வது, என் தங்கையிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது, எல்லாம் குரோம்பேட்டைக்குள் தீர்ந்துவிடும்.

புடவை கட்டி ஒருபக்கமாக உட்காருவாள். வாய் என் இடது காதுக்குப் பக்கத்தில் இருக்கும். இருந்தும் பாதி காற்றோடு போய்விடும். நான் பொதுவாக "ஆங், ஆங்" என்று சொல்லிக்கொண்டே ஓட்டுவேன். சந்தேகம் வந்தால் மோதிர விரலால் என் ஹெல்மெட்டில் இரண்டு தட்டு தட்டுவாள். கேட்டதா என்று அர்த்தம். "கேட்டுது, கேட்டுது" என்பேன். பைக்கில் போகிற எல்லா புருஷன் பெண்டாட்டியும் இப்படித்தான் குடித்தனம் நடத்துகிறார்கள் என்பது என் எண்ணம்.

பிறகு அவள் குரல் கம்மத் தொடங்கியது. டீச்சர்களுக்குத் தொண்டை கட்டுவது ஒரு அதிசயமா? மிளகுப்பால், பனங்கற்கண்டு, வெந்நீர் என்று நாட்கள் போயின. குரல் திரும்பவில்லை. குரல்வளையில் கட்டி என்றார் டாக்டர். குரல்வளையை முழுதாக எடுத்துவிட வேண்டும், அப்புறம் கழுத்தில் ஒரு துளை வழியாகத்தான் மூச்சு.

"உயிருக்குப் பயம் இல்ல சார். பேச்சுதான்…" என்று நிறுத்தினார். பயிற்சி எடுத்தால், கருவி வைத்தால், ஒருவிதமான பேச்சு பின்னால் வரலாமாம். ஆனால் இந்தக் குரல் வராது.

வீட்டுக்கு வந்த உறவுக்காரர்களுக்கெல்லாம் அவள்தான் ஆறுதல் சொன்னாள். அம்மா அழுதபோது, "இனிமே உங்களை எதிர்த்துப் பேசமாட்டேன் அத்தை, நிம்மதியா இருங்க" என்று அந்தக் கரகரப்பிலும் கிண்டல் செய்தாள். அவள் குரலைப் போனில் பதிந்து வைக்கலாம் என்று மகள் சொன்னாள். "ஏன், நான் என்ன செத்தா போறேன்?" என்று ஒரே வார்த்தையில் அதை முடித்துவிட்டாள். தைரியமான பெண்மணி என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு மட்டும் நம்பிக்கை இல்லை. மனதில் இருப்பதை அவள் வீட்டில் என்றைக்குச் சொல்லியிருக்கிறாள்? பைக்கில்தான் சொல்வாள்.

சொல்லவும் செய்தாள். ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு, பள்ளிக்குப் போய்வந்த அந்தக் கடைசி வாரங்களில் பின்னால் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். வெறும் மூச்சாகிவிட்ட குரல். ஹெல்மெட்டுக்குள் காற்று 'ஊ'வென்று இரைந்து ஒன்றையும் கேட்கவிடவில்லை. செம்பாக்கம் ஏரிப் பக்கம் வண்டியை நிறுத்தி, "இப்ப சொல்லு" என்றேன். "இங்க என்ன? கெளம்புங்க, லேட்டாயிடுச்சு" என்றாள். முகத்தைப் பார்த்து அவளால் பேச முடியாது. வண்டி ஓடவேண்டும், நான் முன்னால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

காற்றின்மேல் கோபப்பட்ட மனிதனை யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் பட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு அதோடு சண்டைக்குப் போனேன்.

முதலில் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கடையில் வண்டிக்கு முன்கண்ணாடி மாட்டினேன். "மாட்டிகினு போ சார், காத்து கப்சிப் ஆயிடும்" என்றார் கடைக்காரர். கடையில் இருந்ததிலேயே உயரமானது அது. "முன்னாடி பார்த்தா ஜூஸ் கடை வர்ற மாதிரி இருக்கு" என்றாள் அவள். இரைச்சல் குறைவதற்குப் பதில் கூடியது. ஹெல்மெட்டை யாரோ பிடித்து உலுக்குவது போல இருந்தது. ஒருநாள் பள்ளத்தில் இறங்கும்போது காலை ஊன்றிச் சற்று எழுந்தேன். தலை கண்ணாடிக்கு மேலே வந்ததும் உலுக்கல் நின்றது. கண்ணாடியின் விளிம்பில் பட்டுச் சுழலும் காற்றுதான் நேராக என் மண்டையில் அடித்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி ஒரு சாண் உயரமுள்ளதை மாட்டினேன். பாதித் தொல்லை ஒழிந்தது.

அடுத்து பஞ்சு அடைப்பான் வாங்கிக் காதில் வைத்தேன். காற்றும் போயிற்று, அவளும் போய்விட்டாள். பிடுங்கி எறிந்தேன். ஹெல்மெட்டின் காற்றுத் துளைகளை டேப் போட்டு ஒட்டினேன். வெயிலில் வேர்வை கண்ணில் வழிந்தது, வழியட்டும் என்று விட்டேன். மிச்ச இரைச்சல் தாடைக்குக் கீழே இருக்கும் இடைவெளி வழியாக வருகிறது என்று கையை வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தேன். அவளுடைய பழைய நீல காட்டன் துப்பட்டா ஒன்றைக் கழுத்தைச் சுற்றிக் கட்டி அந்த இடத்தை அடைத்தேன். வேகம் முப்பதுக்கு மேல் போவதில்லை என்றும் முடிவு செய்தேன். இவ்வளவும் கூடிவந்தது ஆஸ்பத்திரியில் சேருகிற அன்று காலைதான்.

மகள் பையோடு டாக்சியில் முன்னால் போய்விட்டாள். என் மனைவியையும் அதிலேயே போகச் சொன்னார்கள் வீட்டில். "நான் அவரோட வண்டியில வரேன்" என்றாள்.

அன்று ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. குக்கர் கேஸ்கட் மாற்றவேண்டும், ராத்திரி மோர் அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளாது, மொட்டைமாடியில் கருவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் விட மறக்கக்கூடாது. கேம்ப் ரோட்டில் அத்தனை ஹாரனுக்கு நடுவிலும் கேட்டது. "என்னங்க, கொஞ்சம் வேகமாத்தான் ஓட்டுங்களேன், பின்னாடி வேன்காரன் திட்டறான்" என்றாள். நான் வேகத்தைக் கூட்டவில்லை. திட்டினால் திட்டிக்கொள்ளட்டும்.

தாம்பரம் மேம்பாலம் ஏறி இறங்கினோம். சானடோரியம் பக்கம் வந்ததும் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"பயமா இருக்குங்க."

இதைக் கேட்பதற்குத்தானா அத்தனை பாடுபட்டேன் என்றிருந்தது. "எனக்கும்தான்" என்றேன். துப்பட்டாவும் டேப்புமாக அடைத்து வைத்திருந்த ஹெல்மெட்டுக்குள்ளேயே அது அமுங்கிப்போயிற்று. அவள் இரண்டு தட்டு தட்டினாள். குரோம்பேட்டை சிக்னலில் நின்றதும் முகக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் திரும்பி, "எனக்கும் பயமா இருக்கு!" என்று கத்தினேன்.

பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோவில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். "இன்னாத்துக்கு சார் பயம்? சிக்னல்தான் கீது, போலீஸ் யாரும் இல்ல" என்றார் டிரைவர்.

அவள் சிரித்தாள். காற்றுப் போன குரலில், தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு, அடக்கமுடியாமல் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பச்சை விழுந்த பிறகும் சிரித்துக்கொண்டே போனோம். அந்தக் குரலில் நான் கடைசியாகக் கேட்ட நீளமான சத்தம் அதுதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பல மாதங்கள் டாக்சியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். கருவி இன்னும் அவளுக்குப் பழகவில்லை, கழுத்தில் வைத்தால் எரிச்சலில் எடுத்துவிடுவாள். போனில் எழுதிக் காட்டுவாள், இல்லையென்றால் கையை ஆட்டுவாள். பிறகு ஒருநாள் காலை, வண்டிச் சாவியை எடுத்து வந்து என்முன் வைத்தாள்.

ஏறி உட்கார்ந்தாள். நான் பழக்க தோஷத்தில் துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். ராஜகீழ்ப்பாக்கம் தாண்டிற்று. ஹெல்மெட்டுக்குள் அவ்வளவு நிசப்தம். கஷ்டப்பட்டு நானே செய்த நிசப்தம். இடது காதுப் பக்கம் ஒன்றுமே இல்லை என்பது அதில் நன்றாகத் தெரிந்தது. என்னால் தாங்க முடியவில்லை.

முன்னால் போன லாரி புழுதியைக் கிளப்பியது. கழுத்துத் துளையின்மேல் அவள் கட்டியிருந்த வலைத்துணி போதவில்லை, இருமல் வந்துவிட்டது. ஹெல்மெட்டில் தட்டினாள். ஓரமாக நிறுத்தினேன். என் கழுத்திலிருந்த துப்பட்டாவை உருவித் தன் கழுத்தைச் சுற்றித் தளர்வாகக் கட்டிக்கொண்டு, போகலாம் என்று தலையை ஆட்டினாள்.

வண்டி வேகம் எடுத்தது. தாடைக்குக் கீழே பழைய இடைவெளி வழியாகக் காற்று உள்ளே வந்து 'ஊ'வென்று இரைந்தது. அந்த இரைச்சலில், பின்னால் அவள் ஏதோ பேசிக்கொண்டு வருவது போலவும், எனக்குத்தான் வழக்கம்போலக் கேட்கவில்லை என்பது போலவும் இருந்தது.

"ஆங்" என்றேன். "ஆங், ஆங்."

ஹெல்மெட்டில் இரண்டு தட்டு விழுந்தது.

"கேட்டுது" என்றேன்.