முதலாளியின் நீலக் கல்

எங்கள் சாயப்பட்டறை முதலாளியின் அறையில், கம்ப்யூட்டருக்கும் சாமி படத்துக்கும் நடுவே வெள்ளித் தட்டில் ஒரு கல் நின்றது. கை விரலைவிட நீளம். ஐஸ்கட்டி போலத் தெளிவாக இருக்கும், உள்ளே லேசாக நீலம் ஓடும். ஒரு மார்கழிக் காலையில் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் குழியோரம் நடை போனபோது கிடைத்தது. கிடைத்தது என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "தானா வெளிப்பட்டதுங்க. சுயம்பு. நீலகண்டன்" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

நான் அங்கே உப்பு குடோனில் மூட்டை பிரித்துக் கொடுக்கிற வேலையில் இருந்தேன். பனியன் துணியில் சாயம் ஏறுவதற்குக் கிளாபர் உப்பு போடுவார்கள். வெள்ளைப் பொடி. சாயம் பெரும்பாலும் துணியோடு போய்விடும், உப்பு கழிவுத் தண்ணீரிலேயே தங்கிவிடும். அந்தத் தண்ணீர் குழியில் கிடந்து வெயிலில் சுண்டும். குளிர்ந்த இரவில் உப்பு தண்ணீரையும் தனக்குள் பிடித்துக்கொண்டு கண்ணாடிக் குச்சியாக வளரும். வற்றிப்போகிற உப்பு ஏரிகளில் இது தானாகவே நடக்குமாம். எங்கள் ஊரில் முதலாளி நடத்திக் காட்டினார். அந்த நீலம்கூட எந்தச் சாமியுடைய கழுத்திலிருந்தும் வந்ததல்ல, அந்த வாரம் ஓடிய நேவி புளூ ஆர்டரிலிருந்து வந்தது. லாரி லாரியாக அவரே வாங்கிய சரக்கு உருமாறி வந்ததும், அடையாளம் தெரியாமல் விழுந்து கும்பிட்ட மனிதர் அவர்.

குழிக்கு அடுத்த தோட்டம் என் அக்காவுடையது. அவள் கிணற்றுத் தண்ணீர் கசந்துபோய், மாடுகள் தொட்டியில் வாய் வைக்க மறுத்தன. அக்கா போய்க் கேட்டபோதெல்லாம் அவர் சிரித்துக்கொண்டே ஒரே பதிலைச் சொன்னார். "அது மழைத்தண்ணிக் குழிங்க அம்மிணி. எம்பட பட்டறையில இருந்து ஒரு சொட்டு வெளிய போறதில்லீங்க. உங்க மண்ணுவாகு அப்படி."

தை பிறந்து காற்று உலர்ந்ததும் கல் வெளுத்தது. உள்ளே பிடித்து வைத்திருந்த தண்ணீரை இழந்து, மேலெல்லாம் மாவு போல உதிரத் தொடங்கியது. வேறு யாராக இருந்தாலும் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். அவர் அந்த மாவை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு, "திருநீறு சொரியறாருங்க" என்றார். பட்டறை வாசலில் சின்னக் கோயில் எழும்பியது. அபிஷேகத்துக்கு அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களையும் அழைத்திருந்தார். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற, நீலகண்டன் சோப்புக் கட்டி மாதிரி இளைத்துக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

தீர்த்தத்தை வாங்கிக் குடித்த அக்கா முகத்தைச் சுளித்தாள். அந்த உப்பு நாக்கில் முதலில் குளிரும், அப்புறம் தொண்டையில் கசக்கும்.

"ஏனுங்க மொதலாளி, இது எங்கூட்டுக் கெணத்துத் தண்ணியாட்டவே இருக்குதுங்களே?"

"சாமி தீர்த்தத்தைக் கேலி பேசாதீங்க அம்மிணி."

"கேலி இல்லீங்க. சாமி எங்க வெளிப்பட்டாருன்னு சொன்னீங்க? அந்த மழைத்தண்ணிக் குழியிலதானுங்களே?"

பின்னாலிருந்து யாரோ, "மழை உப்பாப் பெய்யுதாட்ட இருக்குதுங்க" என்றார். கூட்டம் அப்படியே குழியைப் பார்க்கத் திரும்பியது. சொம்பு சொம்பாகத் தீர்த்தம் குடித்த பக்தர்களுக்கு அன்று மாலை வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. அந்த உப்பின் குணம் அது. "பாவம் கழியுதுங்க" என்று முதலாளி அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

ஊரே பார்த்துவிட்ட குழியை மண் கொட்டி மூடினார். இப்போது சுத்திகரிப்பு மிஷின் வைத்து, அதே உப்பைக் குளிர்வித்துப் பிரித்து மறுபடியும் சாயத்துக்கே போடுகிறார். மேடையேறி நிலத்தடி நீரைக் காப்பது பற்றிப் பேசுகிறார், கை தட்டுகிறார்கள். அக்காவின் கிணறு இன்னும் இனிக்கவில்லை.

போன மாதம் மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க அக்கா வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் சொம்பில் தண்ணீர் கொடுப்போம். அதைத் தொடாமல் போவது வீட்டையே அவமதிப்பது போல. அக்கா கிணற்றிலிருந்து சேந்தி வந்து நீட்டினாள்.

அவர் சொம்பைப் பார்த்தார். "இப்பத்தானுங்க அம்மிணி கார்ல குடிச்சேன்."

"ஒரு வாய் குடிங்க. மண்ணுவாகுத் தண்ணிதானுங்களே."

பத்திரிகையைத் திண்ணைமேல் வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார். கார் போன பிறகு, அந்தச் சொம்புத் தண்ணீரை அக்கா கறிவேப்பிலைச் செடிக்குக்கூட ஊற்றவில்லை. சாக்கடையில் கொட்டினாள்.