பகலில் தூங்காத யாழினி

மத்தியானச் சாப்பாடு முடிந்து பாய் விரித்தால் போதும், யாழினி அலற ஆரம்பித்துவிடுவாள். ராயபுரத்தில் நான் ஆயாவாக வேலை பார்த்த பால்வாடியில் அவள் அப்போது புதுசு. இரண்டரை வயசு. காலையில் நன்றாக விளையாடுவாள், சத்துமாவு உருண்டையைக் கேட்டு வாங்கித் தின்பாள். பாயைக் கண்டதும் என் புடவையைப் பிடித்துக்கொண்டு கத்துவாள். தூங்கும் பிள்ளைகளும் எழுந்துவிடும்.

அவள் அம்மா ரேவதி கூடையில் மீன் விற்பவள். டீச்சர் அவளைக் கூப்பிட்டு, "இப்படியே போனா மத்தியானமே வந்து கூட்டிட்டுப் போயிடும்மா" என்று சொல்லிவிட்டார்.

"அப்போ என் வியாபாரம் இன்னா ஆவறது டீச்சர்?" ரேவதிக்குக் கண் கலங்கிவிட்டது. "வூட்லயும் இதே கதைதான். அவங்க நைனா மீன் புடிக்க லாஞ்சுல போனதுலேர்ந்து கண்ண மூட மாட்டேன்றா."

"அவர் கெளம்பறப்போ பாத்தாளா?"

"ஐயோ, கடலுக்குப் போறவர பின்னால கூப்டலாமா? இது நைனா நைனான்னு கத்தும். அதான், தூங்க வச்சிட்டு கெளம்புவாரு."

"தூங்கி எழுந்தா ஆளு காணாமப் போயிடுதுன்னு அவ மனசுல பதிஞ்சிடுச்சும்மா" என்றார் டீச்சர். அவள் அப்பா வரும்வரை பொறுத்துக்கொள்வதாகவும் சொன்னார்.

லாஞ்ச் கரைக்கு வந்ததும் யாழினியின் அப்பா சேகர் நேராகப் பால்வாடிக்கு வந்தார். ஆம்பிளைகளிடம் பேச எனக்குக் கூச்சம். கதவோரம் நின்றுகொண்டேன். டீச்சர் விவரத்தைச் சொன்னார்.

"பேஜாரா கீதே டீச்சர்! சொல்லாமப் போறதுதான எங்க வழக்கம்."

"கெளம்பறப்போ வேணாம். முந்தின நாளே சொல்லலாம்ல?"

"அழுவுமே."

"நீங்க பக்கத்துல இருக்கறப்பவே அழட்டும். தூக்கிக்க நீங்க இருப்பீங்கல்ல."

அடுத்த முறை கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் சேகர் மகளைத் துறைமுகத்துக்குத் தூக்கிப் போனாராம். லாஞ்சைக் காட்டி, "நைனா நாளிக்கு இதுல போயி, மீன் புடிச்சிகினு உங்கிட்ட வந்துடுவேன்" என்றாராம். அவள் அங்கேயே அழுதாளாம். அழுகை ஓயும்வரை அவர் இறக்கவில்லையாம்.

"கூட்டாளிங்க சிரிக்கறாங்க ஆயா, 'இன்னா மாமு, பாப்பாகிட்ட பர்மிஷன் வாங்கறியா'ன்னு. அவரு கண்டுக்கவே இல்ல" என்றாள் ரேவதி.

சேகர் கிளம்பிய அன்று மத்தியானம் பாய் விரித்தேன். யாழினி வந்து உட்கார்ந்தாள். "நைனா லாஞ்சுல போச்சி. எங்கிட்ட சொல்ச்சி" என்றாள். பிறகு அவளாகவே படுத்தாள். கொஞ்ச நேரம்தான் தூங்கினாள், ஆனால் தூங்கினாள்.

அதற்கப்புறம் தண்ணீர் பிடிக்கப் போனாலும் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். பால்வாடி வேலைக்குப் புதிதாக வருகிறவர்களும் அப்படியே செய்யுங்கள். நாலு பேர் சிரிக்க, அழும் மகளைத் தூக்கிக்கொண்டு நின்ற சேகருக்கு நேரில் நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே எழுதிச் சொல்லிவிட்டேன்.