பேட்டரித் தண்ணீரும் மதுவிலக்கு ஆய்வாளரும்

1956ஆம் ஆண்டு, மே மாதம். எனக்குப் பத்தொன்பது வயதும் நான்கு மாதமும்.

சொட்... சொட்... என்று செப்புக் குழாயிலிருந்து கண்ணாடிக் குடுவைக்குள் நீர் விழும் ஒலி.

பாகலூர் சாலையோரம் என் சித்தப்பா போட்டிருந்த கொட்டகை. பேருந்து பேட்டரிகளுக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் அதுவரை பெங்களூரிலிருந்துதான் ஓசூருக்கு வரும். "நம்ம கெணத்துத் தண்ணியக் காய்ச்சினா ஆவாதா?" என்று அவரே ஒரு பானை செய்துவிட்டார்.

நல்ல யோசனை. ஆனால் மூடியைப் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார். ஆவி வெளியேற விரல் பருமன்கூட இல்லாத ஒரே குழாய். எங்கள் கிணற்று நீரோ உப்பு. உப்புப் படிந்து குழாய் அடைத்தால் பானை வெடிக்கும். மூன்றடி தூரத்தில் அமர்ந்து விறகு தள்ளியவள் சித்தி.

விடுமுறைக்கு வந்திருந்த வேதியியல் மாணவி நான்; எடுத்துச் சொன்னேன்.

"காலேஜுல பயப்படறதுக்குத்தான் சொல்லித் தராங்களா?" என்றார். சித்தியும் சேர்ந்து சிரித்தாள்.

ஒரு வாரம் கழித்து மதுவிலக்கு ஆய்வாளர் இரண்டு காவலர்களோடு வந்து இறங்கினார். சாராயம் காய்ச்சுவதாக மொட்டைக் கடிதமாம். குடுவையில் விரலை விட்டுச் சுவைத்த காவலரின் முகம் வாடியது.

"என்னய்யா, ஒண்ணுமே இல்ல இதுல?"

"ஒண்ணுமே இல்லாததாலதாங்க பஸ்காரரு வாங்கறாரு" என்றார் சித்தப்பா.

ஆய்வாளர் சிரித்துவிட்டார். இருந்தாலும் அனுமதியின்றி அப்படியொரு பானை வைத்திருப்பதே குற்றம், அங்கேயே உடைத்திருக்கலாம். உடைக்கவில்லை. "படிச்ச பொண்ணு, நீ சொல்லும்மா. இது எப்படி வேல செய்யுது?" என்று என்னைக் கேட்டார். சொன்னேன். வெடிக்கக்கூடும் என்பதையும் சேர்த்தே சொன்னேன். சித்தப்பா பார்த்த பார்வைக்கு அடுப்பே தேவைப்பட்டிருக்காது.

மனுப் போடவேண்டும், அதுவரை அடுப்பு மூட்டக்கூடாது, மூடியில் ஆவித் திறப்பு வைக்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். மூன்றாவது நிபந்தனை மதுவிலக்குச் சட்டத்தில் கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

அனுமதி வர நான்கு மாதம் ஆயிற்று. பேருந்துக்காரர் பெங்களூருக்கே திரும்பினார். நான் கல்லூரியிலிருந்து வரும்போதெல்லாம் சித்தப்பா கொட்டகை வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

மறுபடி அடுப்பு மூட்டிய சில வாரங்களில் குழாய் அடைத்தது. திறப்பின் வழியே ஆவி சீறியது. சித்தியின் புடவை நனைந்தது... அவ்வளவுதான்.

அந்த மொட்டைக் கடிதம் பெங்களூர்த் தண்ணீர் வியாபாரியின் வேலை என்றே சித்தப்பா சாகும்வரை நம்பினார்.

இன்று அவர் பேரன் ஓசூரில் பேட்டரித் தொழிற்சாலை நடத்துகிறான். மனு, அனுமதி எல்லாம் கம்ப்யூட்டரில். நேற்று போனில் புலம்பினான். "புதுசா ஒண்ணு செய்ய விடறாங்களா அத்தை? எவனோ புகார் போட்டா மட்டும் ஒடனே வந்துடறாங்க."

அவன் சொல்வதில் நியாயம் உண்டு. நான்கு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

அவனிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். பானை வெடிக்கும் என்று எழுதியிருந்தால் எந்த அலுவலகத்திலிருந்தும் ஒருவரும் வந்திருக்கமாட்டார்கள். அதனால்தான் சாராயம் என்று எழுதினேன், இடது கையால்.