ராணியோட முன்னங்காலும் மட்டாஞ்சேரி மாப்பிள்ளைங்களும்

குதிரைக்கு வாயில்லாததால, ரேஸ் தொழில்ல மத்த எல்லாருக்கும் வாய் நீளம். என்னையும் சேத்துத்தான் சொல்றேன். குதிரையைத் தேச்சு, கொள்ளு ஊறவெச்சு, சாணி அள்ளி, கூடவே நடக்கிறவனுக்கு அங்க சயீஸ்னு பேரு. நான் அதான். மிருகத்துக்கும் மொதலாளிக்கும் நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் ஒதை வாங்கினவங்க எல்லாரும் எனக்குச் சொந்தக்காரங்க. நீங்க மாட்டை மேய்ச்சிருந்தாலும் சரி, மேனேஜரை மேய்ச்சிருந்தாலும் சரி, இப்படி வந்து உக்காருங்க.

வானத்தைக் காட்டினாங்க

எமர்ஜென்சி முடிஞ்ச சமயம். பெங்களூர் லாயத்துல என் கையில இருந்த குதிரைக்குப் பேரு பெப்பர் குயின். மொதலாளி, கொச்சி மட்டாஞ்சேரியில மொளகு வியாபாரம் பண்ற குஜராத்தி சேட். சரக்கு பேரையே குதிரைக்கும் வெச்சுட்டார். நான் ராணின்னு கூப்பிடுவேன். ரேஸ் அன்னிக்குக் காலையில எப்பவும் போல புறங்கையை அவ முன்னங்கால்ல வெச்சுப் பாத்தேன். இட்லிப் பானை மூடி மாதிரி சூடு. "இன்னிக்கு வேணாங்க"ன்னு டிரெய்னர்கிட்ட சொன்னேன். ஒரு ஊசி போட்டாங்க. கால் மரத்துப் போச்சு, வலி தெரியல, ராணி பறந்தா. கடைசி வளைவுல கால் நரம்பு விட்டுப்போச்சு.

அப்புறம் ஆரம்பிச்சுது பாருங்க. டிரெய்னர் ஊசி போட்டவரைக் காட்டினார். ஊசி போட்டவர் ஜாக்கியைக் காட்டினார். ஜாக்கி தரையைக் காட்டினார். தரையைப் பாத்துக்கிறவர் நேத்து பேஞ்ச மழையைச் சொல்லி வானத்தைக் காட்டினார். வானம் மட்டும்தான் வேற யாரையும் காட்டாம கம்முனு இருந்துச்சு.

அதுக்குள்ள புரோக்கர் ஒருத்தர் வந்து நின்னார். நொண்டிக் குதிரையை வாங்கி சர்க்கஸுக்குக் குடுக்கிற ஆளு. வித்தை காட்ட இல்லீங்க, சிங்கத்துக்குத் தீனி. சேட் கொச்சியிலேருந்து ரயில் ஏறி வந்தார். எனக்கு நாக்கு நிக்கல. "சேட்ஜி, கப்பு ஜெயிச்சப்ப இவ கழுத்தைக் கட்டிக்கிட்டு போட்டோ எடுத்தீங்களே, இப்பவும் ஒண்ணு எடுத்துக்கலாமா? போட்டோக்காரர் வாசல்லதான் நிக்கறார்"னு கேட்டுட்டேன். வேலை போச்சுன்னு துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டேன். சேட் ராணியையே பாத்துக்கிட்டு நின்னார். புரோக்கரை அனுப்பிட்டு லாரி பேசச் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"நீயும் லாரியில ஏறு வேலு. ஊருக்குப் போனா எனக்கு மறந்துபோகும், இந்த வாய் கூட இருந்தா மறக்காது."

எந்தக் கப்பல்ல போகுது?

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுல, மொளகுக் கெடங்குக்குப் பின்னாடி ராணிக்கு எடம் குடுத்தாங்க. மொதல் ஒரு வாரம் மொளகுத் தூசிக்கு அவ தும்மினா, சுமடு எறக்கிற சேட்டன்மாரு, அங்க அண்ணனைச் சேட்டன்னுதான் கூப்பிடுவாங்க, மூட்டையோட நின்னு சிரிச்சாங்க. சிரிக்காதவர் சேட்டோட தம்பி ஒருத்தர்தான். "மழைக்காலம் கழியட்டும். வேலைக்கு ஆகலேன்னா அந்த புரோக்கருக்கு எழுதிப் போட்டுடலாம்"னு என் காதுல விழுற மாதிரியே சொல்லுவார். ராணி காதுல விழக்கூடாதுன்னு நான் அவ காதைச் சொறிஞ்சு விடுவேன்.

சர்க்கார் மாட்டாஸ்பத்திரியிலேருந்து ஓமனா டாக்டரம்மா வந்தாங்க. ராணியைச் சுத்திச் சுத்திப் பாத்தாங்க. "எடோ, குதிரையை நான் புஸ்தகத்துலதான் கண்டிருக்கேன். பசுவுக்கும் நாலு காலு, இதுக்கும் நாலு காலு, கணக்கு சரியா இருக்கு, நீ பேடிக்க வேண்டா"ன்னாங்க. பயப்படாதேன்னு அர்த்தம். போயி ராவெல்லாம் படிச்சுட்டு மறுநாள் வந்து ரெண்டு விஷயம் சொன்னாங்க. காலை ஐஸ்ல நிறுத்து. தினம் காலையில கை வெச்சுப் பாரு, சூடு இருந்தா அன்னிக்கு வேலை கெடையாது, யார் கேட்டாலும் என் பேரைச் சொல்லு. தொழில்ல இத்தன வருசத்துல, 'என் பேரைச் சொல்லு'ன்னு சொன்ன மொத ஆளு அந்தம்மாதான்.

ஐஸுக்கு எங்க போறது? தோப்பும்படியில செம்மீன் கம்பெனிங்க இருக்கு. செம்மீன்னா நம்ம இறாலு. அங்க மிச்சமான ஒடைஞ்ச ஐஸைச் சாக்குல கட்டிக் குடுத்தாங்க. ராணியோட காலு தேறிச்சு, ஆனா முட்டிக்குக் கீழ முழுக்க இறால் வாசனை. அவளை வெளிய நடத்திக்கிட்டுப் போனா பின்னாடியே மட்டாஞ்சேரிப் பூனை எல்லாம் ஊர்வலமா வரும். நான் முன்னாடி, குதிரை நடுவுல, பூனைப் பட்டாளம் பின்னாடி. படகு நிக்கிற ஜெட்டிகிட்ட சாயாக்கடைச் சேட்டன் கிளாஸைக் கீழ வெச்சுட்டு எழுந்து நின்னே கேட்டார்.

"அண்ணாச்சி, இத்தன பெரிய செம்மீன் எந்தக் கப்பல்ல போகுது?"

ஈ ஓட்டினதுக்கு நஷ்டஈடு

ரேஸ் குதிரைன்னு தெரிஞ்சதும் ஜனங்க அவளை ஜோசியக்காரி ஆக்கிட்டாங்க. வெலிங்டன் தீவுலேருந்து போட்டு ஏறி வர்ற ஆளுங்க, பஜார் ஆளுங்க, எல்லாரும் ராணி காதுல வந்து ரகசியமா ஏதோ ஒரு குதிரை பேரைச் சொல்லுவாங்க, அது ஜெயிக்குமான்னு கேப்பாங்க. "அவளுக்கே தெரிஞ்சிருந்தா அவ எதுக்கு ஓடுறா, பந்தயப் பணம் வாங்குற புக்கியா ஆகியிருப்பாளே"ன்னு நான் சொன்னா யாரு கேக்குறா?

ஒருத்தர், பஷீர்னு பேரு, மூட்டை தூக்குறவர். ஆளு நல்லவர். அவ மேல பிரியமா வெல்லக்கட்டி கொண்டாந்து குடுப்பார். ஒரு நாள் கேட்டுட்டுச் சந்தோஷமா ஓடினார். திங்கக்கெழமை மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தார். அப்பவும் கையில வெல்லம் இருந்துச்சு.

"அவ தலையாட்டினா, நான் நம்பிப் பணம் வெச்சேன். ஈயை ஓட்டறான்னு நீயாவது அப்ப சொல்லியிருக்க வேண்டாமா வேலு?"

வலதுகைக் கல்யாணம்

மழை விட்டப்ப காலு கல்லு மாதிரி ஆயிடுச்சு. டாக்டரம்மா, "நடக்கலாம், ஓடப்படாது"ன்னாங்க. நடந்தா பொழைக்கிற தொழில் என்ன இருக்கு? கல்யாண மாப்பிள்ளையைச் சுமக்கிறது. மட்டாஞ்சேரியில சேட் வீட்டுக் கல்யாணம்னா மாப்பிள்ளை குதிரையில வரணும். இந்த வேலை நெலைச்சா புரோக்கருக்கு எழுதற பேச்சு நிக்கும். அதனால மொத மாப்பிள்ளையை ஏத்தின அன்னிக்கு அவரை விட எனக்குத்தான் வேர்த்துச்சு.

ஒரு விஷயத்தை மட்டும் நாங்க யாரும் யோசிக்கல. நம்ம ஊர் ரேஸ் மைதானத்துல குதிரைங்க எப்பவும் வலதுபக்கம்தான் வளையும். ராணி பொறந்து வளந்து பழகினது அது ஒண்ணுதான். பொண்ணு வீட்டுச் சந்து இடதுபக்கம். சந்து முனையில நின்னுட்டா. தட்டினேன், கொஞ்சினேன், வெல்லம் காட்டினேன். ம்ஹூம். இடதுபக்கம்னு ஒண்ணு இந்த ஒலகத்துல இருக்கிறதே அவளுக்குத் தெரியாது. சரின்னு வலதுபக்கமாவே சுத்திக்கிட்டுப் போய் அந்தச் சந்தை அந்தப் பக்கத்திலேருந்து புடிக்கலாம்னு கெளம்பினோம். பஜார் முழுக்கச் சுத்தி, ஜெட்டியைச் சுத்தி, மொளகுக் கெடங்கைச் சுத்தி. பேண்டுக்காரங்க தெரிஞ்ச பாட்டெல்லாம் முடிஞ்சு மொதப் பாட்டுக்கே திரும்பிட்டாங்க. மாப்பிள்ளைக்கு மனசு மாறிடுச்சுன்னு பொண்ணு வீட்டுல அழுகையே ஆரம்பிச்சுடுச்சு. கடைசில பொண்ணோட அண்ணன் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்து கடிவாளத்தைப் புடிச்சுக்கிட்டார்.

"அண்ணாச்சி, ஆரத்தித் தட்டைத் தூக்கித் தூக்கி எங்கம்மாவுக்குக் கை போச்சு. குதிரை திரும்பாதுன்னா சொல்லுங்க, நாங்க வீட்டைத் திருப்பி வெக்கிறோம்!"

கை வெச்சுப் பாத்தவர்

அப்புறம் கடற்கரை மணல்ல நடத்தி நடத்தி இடதுபக்கமும் பழகிக் குடுத்தேன். மாப்பிள்ளைங்க வந்தாங்க, போனாங்க, வருசமும் போச்சு. எண்பதுகள்ல சேட்டோட சொந்த மகளுக்கே கல்யாணம். மாப்பிள்ளை பம்பாய். ராணிக்குன்னு பட்டுத்துணி தெச்சாங்க, நெத்திக்கு மணி கட்டினாங்க. கல்யாணத்தன்னிக்குக் காலையில நான் புறங்கையை வெச்சேன். வெச்ச கையை எடுக்க மனசு வரல. சூடு.

டாக்டரம்மா ஓடி வந்தாங்க. "இன்னிக்கு நடந்தா அப்புறம் என்னிக்கும் நடக்காது, கேட்டோ"ன்னாங்க. தம்பி சேட் தலையில அடிச்சுக்கிட்டார். "பம்பாய்க்காரங்க முன்னாடி மானம் போகும். இதுக்குத்தான் இத்தன நாளு கொள்ளு போட்டோமா? நாளைக்கே புரோக்கருக்கு எழுதறேன்"னார். அப்ப மாப்பிள்ளையோட பெரியப்பா வந்தார். பம்பாயில சொந்தமா ரேஸ் குதிரை வெச்சிருக்கிறவர். விஷயத்தைக் கேட்டுட்டுச் சிரிச்சார். "இதுக்கா இவ்வளவு? ஒரு ஊசி போட்டா சாயங்காலம் வரைக்கும் வலி தெரியாது. ஊசி போட ஆளை நான் வரச் சொல்றேன்"னார். வாய் மட்டும்தான் எங்கிட்ட இருக்கிற சொத்து, அன்னிக்குப் பாத்து அதுவும் ஒட்டிக்கிச்சு.

பேசினது சேட்ஜி. ரொம்ப மெதுவா. "பெரியவரே, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஒரே ஒரு தடவை அந்தக் கால்ல கை வெச்சுப் பாத்துட்டு, 'ஊசி போடு'ன்னு சொல்லுங்க. போட்டுடறேன். அதுக்கப்புறம் காலுக்கு எது ஆனாலும் நான் பொறுப்பு, சொன்னது நீங்கன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்." பெரியப்பா ராணியைப் பாத்தார், தன் மோதிரத்தைப் பாத்தார். "எனக்கு அதெல்லாம் பழக்கமில்ல, அதுக்கு ஆளுங்க இருக்காங்க"ன்னார். இத்தன குதிரை வெச்சிருக்கிற மனுஷன், ஒரு குதிரைக் காலைக்கூடத் தொட்டதில்ல.

தலைப்பாகையும் மாலையுமா பின்னாடி நின்ன மாப்பிள்ளைதான் முன்னாடி வந்தார். "எப்படி வெக்கணும்?"னு எங்கிட்ட கேட்டார். "புறங்கைங்க தம்பி, அதுக்குத்தான் சூடு நல்லாத் தெரியும்"னேன். பட்டு வேட்டியை மடிச்சுக்கிட்டு, சாணித் தரையில குந்தி, கையை வெச்சார். சட்டுனு எடுத்துட்டார். எழுந்து மண்டபம் இருக்கிற தெசையில நடக்க ஆரம்பிச்சார். பேண்டுக்காரங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துட்டுப் பின்னாடியே ஓடினாங்க. சேட் சம்பந்தி மரியாதையெல்லாம் மறந்து, கண்ணைத் தொடச்சுக்கிட்டே கூட நடந்தார். தம்பி சேட்டும் வேற வழியில்லாம நடந்தார்; அதோட புரோக்கர் பேச்சை அவரும் எடுக்கல. நானும் பின்னாடியே போனேன்; மண்டப வாசல்ல மாமனாரைப் பாத்து மாப்பிள்ளை சொன்னது எனக்கு நல்லாக் கேட்டுச்சு.

"குதிரைக்கே ஒடம்பு சரியில்லேன்னா லீவு குடுக்கிற வீடு. மருமகனுக்கும் அப்பப்ப குடுப்பீங்கன்னு நம்பித்தான் நடந்து வந்தேன் மாமா."

ராணி ஓடினதுக்குக் கெடைச்ச கப்பு எல்லாம் சேட் வீட்டு அலமாரியில இருக்கு. அன்னிக்கு ஓடாம நின்னதுக்குக் கெடைச்சது, அவ கண்ணை மூடுற வரைக்கும் ஒரே கூரைக்குக் கீழ அவளுக்குக் கொள்ளு, எனக்குச் சோறு, எங்க ரெண்டு பேரையும் திட்டறதுக்கு ஒரு டாக்டரம்மா.