டர்பனில் எல்லாருக்கும் ஒரே பேர்

"சாமீ! ஏ சாமீ!"

வாசலிலிருந்து ஒரு குரல் ராகம் போட்டு நீட்டியது. அடுக்களையில் பலாக்கொட்டைக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்த மீனம்மாளின் கை அப்படியே நின்றது. பக்தியோடு கூப்பிடும் குரல் இல்லை அது. தெருவில் போகிற வியாபாரியை வாசலில் நின்றபடியே நிறுத்துகிற குரல்.

எட்டிப் பார்த்தாள். கூடத்தில் படுத்திருந்த அவள் புருஷன் ஆவுடையப்பன் துள்ளி எழுந்து நின்றுகொண்டிருந்தான். காவடிக் கம்பை ஏற்றிக்கொள்ளப் போகிறவனைப் போல அவனுடைய வலது தோள் தானாகத் தாழ்ந்திருந்தது. வாசலில் நின்ற கட்டுமாவடி மரியசெல்வம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"கூப்பிட்டதும் எந்திரிச்சிட்டியேப்பா! இன்னும் மறக்கலையா?"

சின்னப் பையனாகத் தகப்பனோடு ஆப்பிரிக்காவின் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவன் ஆவுடையப்பன். தகப்பன் இறந்த பிறகு, கம்பின் இரு முனையிலும் கூடை தொங்கவிட்டு, டர்பன் நகரத்து வெள்ளைக்காரர் வீடுகளில் காய்கறி விற்றான். மரியசெல்வம் அவனுக்கு அங்கே கூட்டாளி. நடுவில் கீரமங்கலத்துக்கு வந்து மீனம்மாளுக்குத் தாலி கட்டினான். ஆடி பிறப்பதற்குள் மறுபடியும் கப்பலேறிவிட்டான். பிள்ளை குட்டி இல்லாமல், மாமியாருக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டு, எத்தனை வருஷம் காத்திருந்தாள் அந்தப் புண்ணியவதி! கடைசியில் வந்துவிட்டான். வாழையும் மல்லிகையும் வைத்தான். ஆனால் ஊருக்கு வந்து மூன்று வருஷத்துக்குள் திரும்பாதவனை அந்தச் சீமை உள்ளே விடாது. அந்தக் கெடு இந்தக் கோடையோடு, முப்பத்தெட்டாம் வருஷத்துக் கோடையோடு, முடிகிறது. அதுமட்டும் முடிந்துவிட்டால் போதும் என்று அவள் வேண்டாத தெய்வமில்லை.

மோர்ச்செம்பை நீட்டியபடி கேட்டாள். "அண்ணே, இவங்களுக்கு எப்படி அந்தப் பேரு வந்துச்சு?"

"இவனுக்கு மட்டுமா தங்கச்சி? எனக்கும் அதான் பேரு. மொதக் கப்பல்கள்ல போனவங்கள்ல பாதிப்பேரு முனுசாமி, வீராசாமி, ரெங்கசாமி. தங்களுக்குள்ள சுருக்கி சாமி, சாமின்னு கூப்பிட்டுக்கிட்டாங்க. வெள்ளக்காரன் அதைப் புடிச்சுக்கிட்டான். அப்புறம் கூடை தூக்குற தமிழன் எவனா இருந்தாலும் சாமிதான். இப்ப அது பேருகூட இல்ல, இங்கிலீசு வார்த்தையாவே ஆயிருச்சு. 'ஒங்க தெருவுக்குச் சாமி வந்தானா, கோசு என்ன வெலை'ன்னு தொரைசாணிங்க பேசிக்குவாங்க. கழுத்துல சிலுவை போட்டிருக்கேன், நானும் சாமி!"

"கோவம் வராதா?"

"வந்துச்சு. கோவப்பட்டா கோசு யாரு விக்கிறது?"

சிரித்து முடித்த மரியசெல்வம் குரலைத் தாழ்த்தினார். "வர்ற வாரம் பம்பாய்க்கு ரயிலேறுறேன். கப்பலு அங்கிட்டுதான். இப்ப விட்டா ஒனக்கு எப்பவும் இல்ல. என்னப்பா, வாரியா?"

ஆவுடையப்பன் உடனே மாட்டேன் என்று சொல்லவில்லை. அதுதான் மீனம்மாளைக் கொன்றது.

"அங்கேயாவது கூப்பிட ஆளிருக்கு, செல்வம்," என்றான் மெதுவாக. "இங்க நான் கப்பல்ல போயிட்டு வந்த வெறும் கப்பக்காரன். கடைவீதியில கப்பக்காரரே, வாய்க்கால்ல கப்பக்காரரே. ஆத்தா கண்ண மூடுன நாள்லேருந்து எம்பேரச் சொல்ல ஒரு வாய் இல்ல."

ஐயோ! அவளிடமா இந்தக் குறை? புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்றல்லவா சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள்! கோயிலில் அர்ச்சனைக்குப் பேர் கேட்டால்கூட அடுத்த வீட்டு அழகம்மாளை விட்டுத்தானே சொல்ல வைப்பாள்! தனியாகக் கிடந்த இரவுகளில்கூட அந்தப் பேரை மனசுக்குள்தான் உருட்டியிருக்கிறாள். வாய்வரை வரவிட்டதில்லை.

இன்று வந்துவிட்டது.

"ஆவுடையப்பன்!" என்றாள். சுவரே திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தது. "இது ஆவுடையப்பன் வீடு, அண்ணே. ஆவுடையப்பன் எங்கிட்டும் வரமாட்டாரு."

சொன்ன வாயைப் பட்டுப்பட்டென்று அடித்துக்கொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஆவுடையப்பன் பாய்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்தான்.

"அடியே, பேரச் சொன்னா ஒண்ணும் குறையாதுடி. இத்தன வருசம் சொல்லாமத்தான் குறைஞ்சு போச்சு."

மரியசெல்வம் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "சரியாப் போச்சு. இனிமே நான் என்ன கூவினாலும் ஒனக்குக் காது கேக்காது. தங்கச்சி, சோத்தப் போடு. பசிக்குது."

பலாக்கொட்டைக் குழம்பை அவர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். புறப்படும்போது தோளில் ஒரு வாழைத்தார் ஏறியது.

"நம்ம தெருவுல தொரைசாணிங்க ஒன்ன விசாரிப்பாங்களே, என்னன்னு சொல்ல?"

"ஆவுடையப்பன் ஊரோட தங்கிட்டான்னு சொல்லு."

"அவங்க வாயில நுழையாதுய்யா."

"நுழையாட்டிப் போகுது. நீ சொல்லு."

மரியசெல்வம் சிரித்துக்கொண்டே வண்டியேறினார். வண்டி திருப்பம் தாண்டும்வரை இருவரும் வாசலில் நின்றார்கள். பிறகு, கூடத்தில் வெயில் ஏறுகிறதென்று மீனம்மாள் கதவைச் சாத்தினாள்.