முகப்பில் உள்ள வயது

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் உறவினர் சிலர் முகப்பைப் பார்த்துவிட்டு, "வயசத் தப்பா அடிச்சிட்டாங்களே" என்று சொல்வார்கள். எனக்குத் தெரியும். அச்சகத்தாரே இருமுறை ஆள் அனுப்பிக் கேட்டார். ஆஸ்பத்திரிச் சீட்டில் முப்பத்தொன்பது, மரணப் பதிவிலும் முப்பத்தொன்பது, முகப்பில் மட்டும் முப்பத்தாறு. தப்பு ஒன்றும் இல்லை. சென்ற ஆண்டு என் அக்கா காலமானபோது அவருக்கு வயது முப்பத்தாறுதான். நடுவில் இருக்கும் அந்த மூன்று வருடம் எப்படி வந்தது, யாரால் நிலைத்தது என்பதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். வெறும் புகழுரையை எதிர்பார்ப்பவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது சேலம் ஜில்லாவில், வானம் பார்த்த பூமியில். மழை பொய்த்த வருடம் எங்கள் பெற்றோர், தோட்டத்துக்கு ஆள் சேர்க்க வந்த கங்காணியோடு கப்பலேறினார்கள். அப்போது அக்காவுக்குப் பத்து வயது, எனக்கு மூன்று. சிகாமட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில், கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் அறை ஒன்று கிடைத்தது. வந்த வருடமே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அம்மாவுக்கு இளைப்பு, முழு ஆளாக நின்று வேலை செய்ய முடியாது. பத்து வயதுப் பிள்ளையை ரப்பர் மரம் சீவும் பால்வெட்டுக்கு எடுக்க மாட்டார்கள், புல் பிடுங்கத்தான் விடுவார்கள். அதில் மூன்று வயிறு நிறையாது. கங்காணி இரக்கப்பட்டுத்தான் சொன்னார்: "பதிமூணுன்னு சொல்லிடு தாயி. எவன் வந்து பல்லப் புடிச்சுப் பாக்கப் போறான்?" விடியற்காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் அக்கா பதிமூன்று என்று சொன்னார். ஆட்களின் பேரும் வயதும் எழுதும் செக்ரோல் புத்தகத்தில் அப்படியே ஏறியது. அந்தப் பொய்யைத் தின்றுதான் நான் வளர்ந்தேன்.

அம்மா ஒரு மாதம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அக்கா பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டார். தம் தாயைப் பார்த்ததோடு நிற்காமல் அடுத்த கட்டிலுக்கும் தண்ணீர் கொடுத்தார், துணி மாற்றினார். அங்கே வைத்தியம் பார்த்த டிரஸ்ஸர் ஐயா கவனித்துவிட்டு, "ஒனக்குக் கை நல்ல பதமா இருக்கு. நீ ஏன் தாதி வேலைக்குப் படிக்கக் கூடாது?" என்றார். விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, அக்கா அதைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டில் பெரிய ரகளை. "கண்டவன் பீ மூத்திரம் அள்ளவா பொண்ண வளத்தீங்க?" என்று பக்கத்து லயத்துச் சித்தப்பா குதித்தார். அக்கா நிதானமாக, "அள்ளாம விட்டா நாறுமே சித்தப்பா" என்றார். சித்தப்பாவும் இந்த மலரை வாசிப்பார். வாசிக்கட்டும். பின்னாளில் அவர் பேரப்பிள்ளைகள் நால்வரையும் அதே கைதான் எடுத்துப் போட்டது.

அக்காவின் முன்னே மூன்று வழிகள் இருந்தன. சிங்கப்பூருக்குப் போனால் பெரிய படிப்பு, ஆனால் ஆங்கிலம் வேண்டும். பாதிரிமார் நடத்திய ஓர் இடத்தில் தமிழிலேயே சொல்லிக் கொடுப்பார்கள், ஆனால் கட்டணம் கட்டி, உடுப்பும் சப்பாத்தும் நாமே வாங்க வேண்டும். மூன்றாவது மூவாரில் ஒரு மருத்துவமனை. அங்கே கட்டணம் இல்லை, தங்க இடமும் சோறும் தந்து கைச்செலவுக்கும் ஏதோ கொடுப்பார்கள். படிப்பு மூன்று வருடம், வயது இருபத்தைந்துக்குள் இருக்க வேண்டும். அக்காவுக்கு அப்போது இருபத்து மூன்று. "நமக்கு வாய்ச்சது இதுதான் தம்பி" என்று மூவாரையே தேர்ந்தெடுத்தார்.

நான் அப்போது சிகாமட்டில் ஆங்கிலப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா போய்விட்டால் அவருடைய பால்வெட்டுக் கத்தியை நான்தான் எடுக்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் அதோடு சரி. மூவாருக்கு அனுப்பும் விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் எழுதும் பொறுப்பும் என்னிடமே வந்தது. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை.

செக்ரோலில் இருபத்தாறு என்று இருப்பதைப் தோட்டத்து ஆபீசின் தலைமை எழுத்தர், பெரிய கிராணி ஐயா எடுத்துச் சொன்னார். வழியும் அவரே சொன்னார். "நெச வயச எழுதிட்டு, தோட்டத்துல கூட்டிப் போட்டுட்டாங்கன்னு கீழ ஒரு வரி சேத்துடு. தொரகிட்ட கையெழுத்து வாங்கித் தர்றது என் பொறுப்பு."

ஒரே ஒரு வரி. நான் அதை எழுதவில்லை. இருபத்தாறு என்று போட்டேன். அக்காவுக்கு அன்று ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாது. தாளைப் பார்த்துத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

"என் வயசச் சரியாப் போட்டியா தம்பி?"

"போட்டுட்டேன் அக்கா. தொர கையெழுத்தும் ஆயிடுச்சு."

பெரிய கிராணியிடம், "அக்கா இன்னும் யோசிக்கிறாங்க சார்" என்றேன். நல்ல சேலை கட்டிக்கொண்டு அக்கா என்னோடு சிகாமட் வரை வந்து, தம் கையாலேயே தபாலில் போட்டார். திரும்பும் வழியில் எனக்குப் பலகாரம் வாங்கித் தந்தார். அதையும் தின்றேனே!

பதில் வந்தது. வயது கடந்துவிட்டதால் எடுப்பதற்கில்லை என்று இருந்தது. "இடம் இல்லையாம் அக்கா" என்று வாசித்தேன். "அடுத்த வருசம்?" என்று கேட்டார். "அடுத்த வருசமும் இல்லையாம்" என்றேன். அக்கா கடிதத்தை வாங்கி மடித்து வைத்துவிட்டு உலை வைக்கப் போனார்.

ஆனால் அவர் விடவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் வயது கேட்பார் இல்லை. காலையில் பால்வெட்டு, மத்தியானம் முதல் இருட்டும் வரை ஆஸ்பத்திரியில் சம்பளம் இல்லாத வேலை என்று டிரஸ்ஸர் ஐயாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்று வருடத்தில் முடிய வேண்டியது ஏழு வருடம் இழுத்தது. பாலை ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தால் நேரமாகிவிடும் என்று, அடுத்த மர நிரையில் பால்வெட்டிய ராக்காயி அம்மாள் தம் வாளியோடு அக்காவின் வாளியையும் சுமந்து போவார். மருந்துப் புட்டிகளில் ஒட்டிய பெயர்களைப் பார்த்து அக்கா ஆங்கில எழுத்தும் கற்றுக்கொண்டார். முப்பதாவது வயதில் பரீட்சை எழுதித் தேறி, சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கெல்லாம் பிரசவம் பார்க்கும் மிஸ்ஸி ஆனார். அதற்குள் நான் பள்ளியை முடித்து, இதே தோட்டத்து ஆபீசில் கிராணியாகி, அதே செக்ரோலை எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று வருடம் கூட்டிப் போட்ட ஒரு வயதைத் திருத்த எனக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்? பழையதைக் கிளறுவானேன் என்று விட்டுவிட்டேன்.

சென்ற ஆண்டு குடற்காய்ச்சல் கண்டு, தாம் பணி செய்த அதே வார்டில் அக்கா படுத்தார். புதிதாக வந்திருந்த டிரஸ்ஸர் சீட்டு எழுத வந்து வயதைக் கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பியக் கேளுங்க. எனக்கு எழுத வேண்டியதெல்லாம் அவன்தான் எழுதுவான்."

முப்பத்தாறு என்றேன். அவர் பழைய பதிவைப் புரட்டி, "இதுல முப்பத்தொம்பதுன்னு வருதே" என்றார். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படியே போட்டுக்குங்க" என்றேன்.

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். களைப்பு என்று என் மனதுக்குச் சொல்லிக்கொண்டேன். ஐந்தாம் நாள் போய்விட்டார்.

கருமாதி முடிந்து அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். தாதிச் சான்றிதழின் மடிப்புக்குள் அந்த மூவார்க் கடிதம் இருந்தது. ஆங்கிலச் சொற்களுக்குக் கீழே பென்சிலால் தமிழ் அர்த்தம் எழுதியிருந்தார். வயது என்ற சொல்லுக்கும் எழுதியிருந்தார், இருபத்தாறு என்ற எண்ணைச் சுற்றி ஒரு கோடும் போட்டிருந்தார். பென்சில் மங்கிப் பல வருடம் ஆகியிருந்தது. அதைப் படித்த பிறகும்தான் அவர் எனக்குப் பெண் பார்த்தார், என் இரண்டு பிள்ளைகளையும் கையில் ஏந்தினார், ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தார். ஒரு நாளாவது "ஏண்டா இப்படிச் செஞ்சே" என்று கேட்டிருக்கலாமே! காலில் விழுந்து அழுதிருப்பேனே! கேட்காமலே போய்விட்டார். என்னால் தாங்க முடியவில்லை.

அக்காவின் வாளியை ஏழு வருடம் சுமந்த ராக்காயி அம்மாளுக்கும், கை பிடித்துத் தொழில் கற்றுத் தந்த டிரஸ்ஸர் ஐயாவுக்கும், கடைசி ஐந்து நாளும் முறை வைத்து விழித்திருந்த லயத்துப் பெண்களுக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் நன்றி கூறுகிறது. பெரிய கிராணி ஐயாவுக்கு நன்றியோடு ஒரு மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். அவர் சேர்க்கச் சொன்ன வரியை இத்தனை வருடம் கழித்து, அக்கா பார்க்க முடியாத இந்தத் தாளில் சேர்க்கிறேன்:

இவருடைய வயதைத் தோட்டத்தில் மூன்று வருடம் கூட்டிப் போட்டுவிட்டார்கள். உண்மையான வயது இருபத்து மூன்று. தயவுசெய்து இவரை எடுத்துக்கொள்ளுங்கள்.